செவலையின் தாய்வழி

எதைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாலும் அவரிடமிருந்து முதலில் ஒரு கேள்விதான் வரும். “இதோட ஆத்தா ஆரு?”

கன்றுக்குட்டிக்கும் அதுதான், மிளகாய் நாற்றுக்கும் அதுதான். சினை ஊசி போடுகிறவர் முதன்முதலாக எங்கள் பக்கம் சைக்கிளில் வந்தபோது, மீனாட்சிபுரத்தைச் சுற்றியிருந்த எல்லாரும் அவரிடம் கன்று நிற்குமா, பால் கூடுமா என்று கேட்டார்கள். இவர் மட்டும் கட்டுத்தரையில் மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஊசிக்கு அப்பன் எந்தக் காளைங்க? அந்தக் காளையோட ஆத்தா எத்தனெ படி கறந்துது?” என்றார். வந்தவர் மலையாளி. சிரித்துவிட்டு, “ஜெர்சிக் காளைதாம்மா, நல்ல ஜாதி” என்றார்.

“சாதி கேக்குலீங்க. ஆத்தாளெக் கேட்டனுங்க” என்று சொல்லி மாட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அந்த மனிதர் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். அதில் காளையின் நம்பரும், அதைப் பெற்ற பசு ஓர் ஈற்றில் கறந்த பாலும் டைப் அடித்திருந்தன. இப்படி ஒரு விவரம் மேலே எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது தனக்கே தெரியாது என்று அவர் வியந்துபோய்ச் சொன்னார். அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சித்தூரில் பிரீ டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். எமர்ஜென்சிக்கு முந்தின வருசம். என் அப்பன் சின்னானுக்கு அவருடைய தோட்டத்தில்தான் வேலை. கரட்டுத்தோட்டம் என்று அதற்குப் பெயர். அவர் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார், கையெழுத்தும் போடுவார். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம், மலையாளச் சீமையில், வருகிற காகிதமெல்லாம் மலையாளம், இல்லாவிட்டால் இங்கிலீஷ். அதற்குத்தான் நான்.

அவரை என்னவென்று கூப்பிடுவது என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அப்பன் ‘பண்ணாடிச்சி’ என்பார். நிலத்துக்காரர் வீட்டுப் பெண்ணை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வது. காலேஜுக்குப் போய்வந்த பிறகு அந்தச் சொல் என் வாயில் ஏறவில்லை. ‘அம்மா’ என்றும் வரவில்லை. ‘ஏனுங்க’ என்று மட்டும் தொடங்கி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதும்போதும் ‘அவர்’ என்றுதான் வருகிறது.

குடிசை போட்டிருப்பவர்களுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று குடிகிடப்புச் சட்டம் வந்தபோது பல தோட்டங்களில் வழக்கும் அடிதடியும் நடந்தன. இவர் தானே கயிறு பிடித்து அளந்து, வேப்பமரமும் எங்கள் பக்கம் விழுகிற மாதிரி முளைக்குச்சி அடித்துக் கொடுத்தார். “இவன் தாத்தன் வெட்டுன கெணத்துத் தண்ணியெத்தான நாம குடிக்கறோம்” என்றார். அதே கை, எனக்குக் காப்பி ஊற்றுகிற டம்ளரை மட்டும் வாசல் சுவரின்மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தது. நான் பிரீ டிகிரி பாஸான அன்றைக்கு அலுமினிய டம்ளர் போய் எவர்சில்வர் டம்ளர் வந்தது. சுவர் மாறவில்லை.

அவர் வீட்டுக்கு ஒரே மகள். கணவர் கல்யாணமான சில வருசத்திலேயே போய்விட்டார். பிள்ளை இல்லை. அவருடைய அப்பா இருந்தவரை கரட்டுத்தோட்டத்துக் குதிரை நோம்பி ரேக்ளாவில் ஓடும். ஒற்றைக் குதிரை பூட்டிய சின்ன வண்டிகளைக் கோயில் திருவிழாவில் ஓட விடுகிற பந்தயம் அது. ஜெயித்த வண்டிக்காரன் பேரைச் சொல்ல மாட்டார்கள். தோட்டத்தின் பேரை மைக்கில் மூன்று தரம் சொல்வார்கள். அப்பா போன பிறகு அந்தப் பேர் மைக்கில் வந்ததில்லை. ஒருநாள் கடலைக்காய் ஆய்ந்துகொண்டே, வெங்காய விலை சொல்கிற குரலில் சொன்னார்.

“என்னோட இந்தப் பேரு போயிரும். அதுக்குள்ள ஒருக்கா மைக்குல கேட்டுப்போடோணும்.”

அதற்காகத்தான் அந்த வருசம் பஸ் ஏறி ஊட்டிக்குப் போனார். துணைக்கு ரேக்ளா ஓட்டுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், ரேஸில் ஓடி ஓய்ந்த பெட்டைக் குதிரை ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். செவலை நிறம், நெற்றியில் விரல்கடை அளவு வெள்ளை. லாரியிலிருந்து இறங்கியதும் அது எங்கள் எருமைகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. எருமைகளும் அதைப் பார்த்து நின்றன.

குதிரையோடு இரண்டு காகிதம் வந்தது. ஒன்றில் குதிரையின் உருவத்தைக் கோட்டில் வரைந்து, சில இடங்களில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். அதன் கீழே அது ஓடிய ரேஸ்களின் பட்டியல். அந்தப் படத்தை அவர் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குதிரையை ஒரு சுற்றுச் சுற்றினார். நெற்றி, கழுத்தின் இரண்டு பக்கம், மார்பு. பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் மயிர்ச்சுழி இருந்தது.

“சுழி பாத்து எழுதியிருக்கறான். அப்ப மத்ததும் பொய்யா இருக்காது. படி.”

எங்கள் பக்கத்தில் சுழி என்றால் வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்ப்பார்கள். அந்தக் காகிதக்காரர்கள், குதிரை மாறிவிடாமல் இருப்பதற்குச் சுழியைக் குறித்திருந்தார்கள். இதை எடுத்துச் சொன்னேன். அவருக்கு இரண்டும் வேறு வேறாகப் படவில்லை.

குதிரையின் பேர் மார்னிங் லெட்டர். அப்படியென்றால் என்ன என்றார். காலைக் கடிதம் என்றேன். “காலக்கடுதாசி” என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கூப்பிடும்போது செவலை என்றுதான் கூப்பிட்டார். பட்டியலைப் படித்தேன். சென்னையில் நாலாவது, மறுபடி சென்னையில் ஏழாவது, பெங்களூரில் கடைசிக்கு முந்தினது. ஊட்டியில் ஒரே ஒரு தரம் முதலாவது. அந்த வரியில் மட்டும் தரை ‘ஹெவி’ என்று போட்டிருந்தது. அன்றைக்கு மழை பெய்து தரை சேறாக இருந்திருக்கும் என்று சொன்னேன். கடைசி இரண்டு ஓட்டத்துக்கு நேராக, மூக்கில் ரத்தம் வந்தது என்று எழுதியிருந்தார்கள். இரண்டு தரம் வந்ததால் ரேஸிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

“ஒரு மைல் ஓட உட்டா ஆருக்குந்தான் ரத்தம் வரும். நம்முளுது கால் மைலு. இதோட ஆத்தா ஆரு?”

இரண்டாவது காகிதம் அதற்குத்தான். கட்டம் கட்டமாக வம்சாவளி. நான் அந்த மாதிரி ஒன்றை அதற்குமுன் கண்டதில்லை. அப்பன் பேர் கிங்ஸ் டிரம், அம்மா பேர் பேப்பர் லேம்ப், அம்மாவைப் பெற்றவள் லேட் மான்சூன். ஒவ்வொன்றுக்கும் தமிழ் கேட்டார். ராஜமேளம், காகித விளக்கு, பிந்தின மழை என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

“பிந்துன மழெ பேத்தியா? அதுதான் சேத்துல ஜெயிச்சிருக்குது” என்றார்.

சயின்ஸ் படித்தவன் நான். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் காகிதம் அவர் பக்கம் பேசிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். அப்பனுடைய அப்பன் ஓல்ட் கவர்னர் என்று படித்தேன். பழைய கவர்னர். கீழே அம்மா பக்கத்திலும் அதே பேர் இருந்தது. காகிதத்தின் மடிப்பில் கோடு தேய்ந்துபோயிருந்தது. நான் யோசிக்காமல், “அம்மாவோட அப்பனும் அதே கவர்னருங்க” என்று சொல்லிவிட்டேன்.

அவர் கையிலிருந்த கடலைக்காயைக் கீழே வைத்தார்.

“ராஜமேளத்துக்கும் கவுனரு அப்பன். காயிதவெளக்குக்கும் கவுனரு அப்பன். ஏப்பா, அண்ணந் தங்கச்சிக்கா கட்டி வெச்சிருக்கறாங்க?”

குதிரைகளுக்கு அதெல்லாம் பார்க்க மாட்டார்கள், வேகம் வருவதற்காக வேண்டுமென்றே சேர்ப்பார்கள் என்று காலேஜ் நூலகத்தில் எப்போதோ புரட்டியதை வைத்துச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. முகம் கறுத்துப்போய்விட்டது. “மொறெ தப்பிப் பொறந்ததெ எங்கப்பன் பேருல ஓட உடறதா?” என்றார். குதிரையைத் திருப்பி அனுப்ப லாரிக்குச் சொல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் அவர் கட்டுத்தரைப் பக்கம் வரவில்லை. செவலைக்குக் கொள்ளு வைத்தது என் அப்பன்தான். அது ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தது.

“நீ படிச்சுப் பாத்தது செரிதானா?” என்று அப்பன் கேட்டார்.

“அப்படித்தான போட்டிருக்குது.”

“எனக்குத் தெரியிமா? வாயில்லாச் சீவன். இன்னொருக்கா பாத்துப்போடு.”

பார்த்தேன். காகிதத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஸ்கேல் வைத்துக் கோடுகளைத் தொடர்ந்தேன். காகித விளக்கின் அப்பன் வேறு. டீக் டோர், தேக்குக்கதவு, என்று ஒரு குதிரை. கவர்னர் பேர் இருந்தது ஒரு கட்டம் தள்ளி, பிந்தின மழைக்கு அப்பனாக. நான் ஓடினேன். உள்ளே கூப்பிட முடியாது. சுவரருகே நின்று குரல் கொடுத்தேன். அவர் வந்து, சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, மூட்டையிலிருந்து கைப்பிடி கடலைக்காயை அள்ளி வாசலில் பரப்பினார். இரட்டைப் பருப்புக் காய் ஆண், ஒற்றைப் பருப்புக் காய் பெண்.

“இது கவுனரு. இது அவரு மகன் ராஜமேளம். செரியா? இது கவுனரு மக, பிந்துன மழெ. அப்ப ராஜமேளத்துக்கும் பிந்துன மழெக்கும் என்ன?”

“கூடப் பொறந்தவங்க.”

“பிந்துன மழெயெத் தேக்குக்கதவுக்குக் குடுத்தாங்க. அவளுக்குப் பொறந்தது காயிதவெளக்கு. அப்ப காயிதவெளக்கு ராஜமேளத்துக்கு என்ன ஆகோணும்?”

நான் யோசிப்பதற்குள் அவர் இரண்டு காய்களைச் சேர்த்து வைத்தார்.

“அக்கா மக. தாய்மாமனுக்குத்தான் கட்டியிருக்கறாங்க. மொறெதான்.”

இவ்வளவு பெரிதாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. என் அப்பனும் தூரத்தில் நின்று சிரித்தார். ஊட்டியில் இருக்கிறவர்களுக்கும் முறை தெரிந்திருக்கிறது என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். அவர் என் பக்கம் திரும்பி, “உங்கப்பனுக்கும் அக்கா மகளெத்தான கட்டி வெச்சுது. சின்னான் ஆத்தா நாச்சி. நாச்சி ஆத்தா வேலாத்தா. வேலாத்தாளெ கொழிஞ்சாம்பாறையில இருந்து கூட்டீட்டு வந்தாங்க, எங்க பாட்டன் கல்யாணத்து வருசம்” என்றார்.

வேலாத்தா என்கிற பேரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அப்பனுக்கும் தெரிந்திருக்கவில்லை. என் ரத்தத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் பேர் இவர் வாயில் பத்திரமாக இருந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: செவலையின் வம்சத்தைச் சொன்ன அதே மூச்சில், அதே குரலில்தான் எங்கள் வம்சத்தையும் சொன்னார். சந்தோசப்படுவதா என்று தெரியாமல், சுவர்மேலிருந்த டம்ளரை எடுத்துக் காப்பிக்கு நீட்டினேன்.

சித்திரையில் நோம்பி வந்தது. அதற்குள் வண்டி ஓட்டுகிறவர் செவலையை ரேக்ளாவுக்குப் பழக்கியிருந்தார். பேர் கொடுக்கிற இடத்தில் கமிட்டித் தலைவர் குதிரையைப் பார்த்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏனுங்க, ரேஸ் குதிரெ எறங்கக் கூடாதுன்னு போன வருசமே தீர்மானம் போட்டாச்சுங்களே. கோயமுத்தூர்க்காரங்க கொண்டாந்து எறக்கிப்போட்டு, நம்ம குதிரைக எல்லாம் வேடிக்கெ பாத்துட்டு நின்னுதுக.”

“எனக்கு ஆரும் சொல்லுலீங்களே.”

தலைவர் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர்தான். “உங்கப்பாரு குதிரெ ஓடுன எடமுங்க இது. சந்தையில வாங்குன நாட்டுக் குதிரெ, ஆத்தா அப்பன் வெவரம் தெரியாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க. குதிரெயா வந்து இல்லைன்னு சொல்லப்போகுது?”

“பெத்தவ பேரு தெரிஞ்சிருந்தும் தெரியாதுன்னு எழுதறதுங்களா?”

“எழுதுனாத்தானுங்க ஓடும்.”

அவர் என்னைப் பார்த்தார். “நீ உள்ளதெ உள்ளபடி எழுது. உட்டா ஓடட்டும். உடுலீனா வண்டியெ அவுத்துட்டு ஊட்டுக்குப் போலாம்.” சொல்லிவிட்டுக் குதிரையிடம் போய்விட்டார்.

பேர் எழுதிக் கொடுக்கிற பாரம் மலையாளத்தில் அச்சடித்தது. என் கையில் பேனா. நான் நன்றாக யோசித்துத்தான் செய்தேன். இருபது வருசமாக அந்தப் பேர் மைக்கில் வரவில்லை. இன்றைக்கு விட்டால் இனி வராது. மலையாளத்தில் எழுதுவதை அவர் படிக்கப் போவதில்லை. ஒரு குதிரையின் அம்மா பேருக்காக இத்தனையும் வீணாவதா? ‘நாட்டுக் குதிரை. சந்தையில் வாங்கியது. தாய் தந்தை விவரம் இல்லை’ என்று எழுதினேன். அடியில் எழுதிக்கொடுத்தவரின் பேரும் தகப்பன் பேரும், மலையாளத்து வழக்கப்படி வீட்டுப்பேரும் கேட்டிருந்தது. அதையும் எழுதினேன்.

“எழுதீட்டயா?” என்றார் அவர்.

“எழுதீட்டனுங்க.”

“என்ன சொன்னாரு?”

“ஓடலாம்னுட்டாருங்க.”

“பாத்தயா. உள்ளதெச் சொன்னா ஆரு தடுக்கறா?” என்று செவலையின் கழுத்தைத் தட்டிக் கொடுத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் ஒரு மழை அடித்தது. கரிசல் வண்டித்தடம் கூழாகிவிட்டது. மற்றக் குதிரைகள் சக்கரத்தை இழுக்க முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு வந்தன. செவலை காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, தரையில் என்ன இருக்கிறதென்றே தெரியாததுபோல் வந்தது. இரண்டு வண்டி நீளம் முந்தி வந்தது. எல்லாரும் கொடியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் நேராகப் போய் அதன் மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். ரத்தம் இல்லை.

“முதலாவது, கரட்டுத்தோட்டம். கரட்டுத்தோட்டம். கரட்டுத்தோட்டம்.”

மூன்று தரமும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் அப்பன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மைக்கில் பேசியவர் வாடிக்கைப்படி பாரத்தைப் பார்த்துத் தமிழில் தொடர்ந்தார். “நாட்டுக் குதிரை. சந்தையில வாங்கினது. தாய் தகப்பன் விவரம் இல்லாதது.”

அவர் கண்ணைத் திறந்தார். கூட்டம் வழிவிட வழிவிட மேடைக்குப் போனார். பெண்கள் யாரும் அந்த மேடையில் ஏறி நான் பார்த்ததில்லை. மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.

“அது தப்புங்க. இதோட பேரு காலக்கடுதாசி. இவ ஆத்தா காயிதவெளக்கு. அவ ஆத்தா பிந்துன மழெ. அப்பன் ராஜமேளம், கவுனரு மகன். ஊட்டீல ஓடுன ரேஸ் குதிரைங்க. ஆத்தா அப்பன் இல்லாத குதிரெ இல்லீங்க.”

“கவுனரு ஊட்டு ஒறம்பரையா?” என்று கூட்டத்தில் ஒருவன் உறவு விசாரித்தான். சிரிப்பு எழுந்து அடங்கியது. தலைவர் பாவம், தான் சொல்லித்தான் எழுதினார்கள் என்று ஆகிவிடுமோ என்று பயந்துபோய், மைக்கைத் தொடாமலே பாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“எழுத்துல இருக்குதுங்களே. எழுதுனது ஆருன்னு போட்டிருக்குது. சின்னான் மகன். வீட்டுப்பேரு…” என்று படித்தவர் ஒரு கணம் நிறுத்தினார். “வீட்டுப்பேரு கரட்டுத்தோட்டம்.”

“அட, ஊட்டுப் பையனெ வெச்சே எழுதியிருக்கறாங்கப்பா” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அவர் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். கோபமாக இருந்தால் புரிந்திருக்கும். கடலைக்காயைப் பரப்பி வைத்துக்கொண்டு பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். அந்தப் பேர் மைக்கில் நாலாவது தரமும் வந்தது, நீக்கப்பட்டதாகச் சொல்வதற்கு.

மூன்று நாள் கழித்து, என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி அப்பனிடம் சொல்லிவிட்டார். போனேன். படிக்கச் சொன்னார். என் பேர், அப்பன் பேர், வீட்டுப்பேர் கரட்டுத்தோட்டம்.

“இது ஆரு எழுதுனது?”

“ஹெட்மாஸ்டருங்க. என்னெ சேத்தறப்ப வீட்டுப்பேரு கேட்டாராம். இல்லாம எழுத முடியாதுன்னாராம். எங்களுக்குன்னு ஒண்ணும் இல்லீங்களே. எங்கெ குடியிருக்கறயோ அதெச் சொல்லுன்னாராம். அப்பன் சொல்லீட்டாருங்க.”

“பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. எனக்குச் சொல்லுல.”

“பயந்துட்டாருங்க.”

புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, “மாத்தலாமா?” என்றார்.

“மனுக் குடுத்தா மாத்தலாமுங்க.”

“எழுது.”

வெள்ளைத்தாள் எடுத்துவந்து சுவரில் வைத்து எழுதினேன். தலைப்பு எழுதி, பழைய பேர் எழுதி, புதிய பேர் என்கிற இடத்துக்கு வந்து நிமிர்ந்தேன். “என்ன பேருங்க எழுதறது?”

அவர் வாயைத் திறந்தார். சின்னான், நாச்சி, வேலாத்தா என்று உதடு அசைந்தது. மேலே மேலே போனார். ஆட்கள் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்பதும் இருந்தது. வீட்டுக்குப் பேர் இல்லை. யாரும் வைத்ததில்லை. எங்கள் ஆட்களை இத்தனை தலைமுறையும் அவருடைய தோட்டத்தின் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்தத் தோட்டத்து ஆள் என்று. காப்பி ஆறிப்போனது.

“நாளைக்கி வா” என்றார்.

மறுநாள் போனேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். அப்படியே பல நாளைக்கு நடந்தது. பேர் எழுத வேண்டிய இடம் காலியாகவே அந்தத் தாள் இன்றைக்கும் என் புத்தகத்துக்குள் இருக்கிறது. செவலை மறுபடி பந்தயத்தில் ஓடவில்லை. அவரைக் கூண்டுவண்டியில் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. ஒரு குதிரையின் அம்மாவைப் பற்றி ஒரு பொய் வரியைப் பொறுக்காமல், இருபது வருசம் காத்திருந்த பேரைத் தானே மேடையேறி அடித்து நீக்க வைத்தவர் அவர். தன் வீட்டைப் பற்றிய ஒரு வரியை மட்டும் ஏன் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டு போனார் என்று நான் பல விதமாக யோசித்திருக்கிறேன். இரக்கமா? பேர் கிடைக்கவில்லையா? தனக்குப் பிறகு எங்கேயாவது எழுத்தில் இருக்கட்டும் என்றா? ஒவ்வொன்றும் ஒருநாள் சரியாகப் படுகிறது.

வேலை கிடைத்து முதல் விடுமுறைக்கு வந்தபோது பார்க்கப் போனேன். பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் செவலையைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கு நாற்காலி போட்டிருந்தது. நான் சுவரருகே டம்ளரோடு நின்றேன்.

“பேண்டு சர்ட்டெல்லாம் போட்டுட்டு, இந்தத் தம்பி ஆருங்க?” என்றார் பெரியவர்.

“சின்னான் மகன். சின்னான் ஆத்தா நாச்சி. நாச்சி ஆத்தா வேலாத்தா” என்று தொடங்கினார் இவர்.

“அது கெடக்குதுங்க. எந்த ஊடு?”

இவர் என் பக்கம் திரும்பினார். “அவனையே கேளுங்க.”

நான் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “கரட்டுத்தோட்டமுங்க.”

வந்தவர் தலையாட்டிவிட்டுக் குதிரையின் பல்லைப் பார்க்கப் போனார். நான் காத்துக்கொண்டு நின்றேன். இவர், இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. என் கையிலிருந்த டம்ளர் காலியாகிவிட்டதைப் பார்த்தார்.

“கழுவி, எப்பவும் வெக்கற எடத்துல கவுத்தீரு சாமி” என்றார்.